முழுப்பக்க வாழ்த்து

விட்பி, கனடா,
தை மாதக் கடைசி.

என் அன்பு மகள் சாம்பவிக்கு,

எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் கடிதம் தொடங்க வேண்டும், ஆகவே சுகம். அப்பாவுக்கு இரத்தத்தில் சீனி கொஞ்சம் ஏறியிருக்கிறது, என் முதுகு வழமைபோல் பனிக்கு முதலே பனியை அறிவிக்கிறது, மற்றப்படி முருகன் புண்ணியத்தில் இந்த வீட்டில் எல்லோரும் எழும்பி நடமாடுகிறோம். உன் சுகத்தை நான் கேட்கத் தேவையில்லை, நீ சுகமில்லை என்று எனக்குத் தெரியும். சாப்பிடுகிறாயோ, நித்திரை கொள்கிறாயோ என்பதுதான் தெரியாது.

ரெலிபோன் இருக்க அம்மா ஏன் கடிதம் எழுதுகிறா என்று யோசிப்பாய். இந்த வீட்டில் தனியாகக் கதைக்க ஒரு மூலை இல்லை பிள்ளை. உன் பெயர் விழுந்தவுடன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுவார், பிறகு அண்ணன் வாகீசன் ஒரு பக்கம், அண்ணி தனுசியா ஒரு பக்கம், அவர்களின் சின்னவள் நடுவில் நின்று அத்தை அத்தை என்று கத்துவாள். போனைக் குளியலறைக்குள் கொண்டுபோனால் தனுசியா கதவில் தட்டி, மாமி ஏதும் பிரச்சினையோ என்று கேட்கிறாள். நல்ல பிள்ளைதான், அக்கறையில் கேட்கிறாள், ஆனால் அந்த அக்கறைக்குள் மூச்சு விட ஏலாமல் கிடக்கிறது. அன்றைக்கு நீ எடுத்தபோது நல்லகாலம் நான் பேஸ்மென்ரில் உடுப்புக் காயவைக்கிற மெசினுக்குப் பக்கத்தில் நின்றேன். அந்தச் சத்தத்துக்குள் நீ அழுதாய். அம்மா நான் இதை விட்டிட்டு வரட்டோ என்று கேட்டாய். நான் வாய் திறக்க முதலே நீயே, ஆனா எப்பிடியம்மா வாறது, உவை பேப்பரில எல்லாம் போட்டிட்டினம் என்றாய். அந்த நேரம் பார்த்து அப்பா படியால் இறங்கி வந்தார். நான் பயத்தில் சத்தமாக, ஓம் பிள்ளை, மிளகாய்த்தூள் அனுப்புறன் என்றேன். நீ போனை வைத்துவிட்டாய். பெற்ற பிள்ளை வாழ்க்கையைப் பற்றிக் கேட்க, தூள் அனுப்புகிறேன் என்று பதில் சொன்ன தாய் நானாகத்தான் இருப்பேன். அன்றிலிருந்து அது என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. தூளை வறுத்து அரைத்துவிட்டேன், அதோடு இந்தக் கடிதத்தையும் வைத்து உன் பிரியந்தன் மச்சானிடம் கொடுத்துவிடுகிறேன். அவன் பிறம்ரனிலிருந்து லொறி கொண்டு நீ படிக்கிற ஒகையோப் பக்கம் வருகிறானாம். வாசித்துவிட்டுக் கிழித்துப் போடு.

இங்கத்தைப் புதினம் என்று சொல்ல என்ன இருக்கிறது. ஸ்காபரோவில் இருந்தபோது லிஃப்டில் இறங்கினால் மரக்கறிக் கடை, ரோட்டைக் கடந்தால் கோயில், கோபம் வந்தால் நடந்துபோய் யாரோடாவது கதைத்துவிட்டு வரலாம். இங்கே எல்லா வீடும் ஒரே மாதிரி, எல்லாக் கராஜும் ஒரே மாதிரி, ரோட்டில் மனுசரைக் காண ஏலாது. ஒருநாள் சின்னவளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போய், திரும்பி வந்து வேறு ஆருடையோ கதவைத் திறக்கப் பார்த்தேன். அப்பாவுக்குக் கண் மங்கலானபிறகு கார் ஓட விடவில்லை, எனக்கு ஓடத் தெரியாது. அண்ணனும் தனுசியாவும் விடிய வெளிக்கிட்டால் இருட்டத்தான் வருவார்கள். பெரிய வீடு, நிலமெல்லாம் பளபளவென்று இருக்கிறது. துடைக்கிறது நான்தானே.

நீ படிக்கிற படிப்பை எனக்கு நன்றாக விளங்கப்படுத்தியிருக்கிறாய், நான் மறக்கவில்லை. அமெரிக்காவில் நேர்ஸ்மாரே ஒப்பரேஷனுக்கு மயக்கமருந்து கொடுப்பார்கள், அதற்கு ஐ.சி.யு.வில் வேலை செய்த அனுபவம் வேண்டும், பிறகு மூன்று வருடம் படிக்க வேண்டும், படிக்கிற காலத்தில் வேறு வேலை செய்ய நேரம் கிடைக்காது, முடிவில் டொக்டரேற் என்கிற கலாநிதிப் பட்டம் தருவார்கள். ஒன்ராரியோவில் அந்த வேலையே இல்லை என்பதையும் நீ போக முதலே சொன்னாய். அதாவது படித்து முடித்தால் அங்கேயேதான் இருக்க வேண்டும், முடிக்காமல் வந்தால் விட்டுப்போன பழைய வேலையும் இல்லை. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. பிள்ளை ஆசைப்படுகிறாள், போகட்டும், பிறகு ஏதோ வழி வரும் என்று நினைத்தேன். இப்போது உன் பக்கம் நின்று பார்த்தால் முன்னுக்கும் சுவர், பின்னுக்கும் சுவர்.

நீ அழுதழுது சொன்ன அந்தக் குழாய் விஷயத்தையும் யோசித்துப் பார்த்தேன். நித்திரையாக்கின மனுசனுக்கு நீ தொண்டைக்குள் குழாய் விட, அது மூச்சுக்குழாய்க்குப் போகாமல் சாப்பாட்டுக் குழாய்க்குள் போனது, உன்னைப் பழக்குகிற அந்த மரியோ உடனே உன் கையை விலக்கி எடுத்துத் தானே சரியாக வைத்தார், அந்த மனுசனுக்கு ஒன்றும் நடக்கவில்லை. படிக்கிற எல்லோருக்கும் உது நடக்கும் என்று மரியோவே சொன்னார் என்றாய். ஆனால் உனக்கு அதற்குப் பிறகு கை நடுங்கத் தொடங்கிவிட்டது. நடுங்குகிறபடியால் இந்தத் தவணை முழுக்க உன்னைத் தனியாகக் கவனிக்கப் போகிறார்கள், கவனிக்கிறார்கள் என்கிறபடியால் இன்னும் நடுங்குகிறது. விடிய எழும்பி வாகனத்துக்குள் இருந்து அழுதுவிட்டுத்தான் உள்ளே போகிறாய் என்று நீ சொன்னது என் காதுக்குள்ளேயே நிற்கிறது.

இப்போது அந்தப் பேப்பர். நீ முதல் வருடம் பாஸ் பண்ணினாய், அவ்வளவுதான். வீட்டுப் புரோக்கர் செல்வரட்ணம் மாமாவுக்கு அது போதும். கலாநிதிப் பட்டம் என்று அப்பா வாய்தவறிச் சொல்ல, அந்தாள் அதை டொக்டர் ஆக்கி, தமிழ்க் கடைகளில் கிடைக்கிற இலவசப் பேப்பரில் முழுப்பக்க வாழ்த்துப் போட்டுவிட்டார். மயக்க மருத்துவ நிபுணர் டொக்டர் சாம்பவி பொன்னம்பலம். அண்ணனின் கலியாணத்தில் நீ சேலையோடு நின்ற படத்தை எடுத்துக் கழுத்தில் கொம்பியூட்டரால் ஸ்டெதஸ்கோப் வேறு மாட்டியிருந்தார்கள். உன் படம் முத்திரை அளவு, வீடு விற்கிற செல்வரட்ணம் மாமா கோட்டுப் போட்டு நிற்கிற படம் அரைப்பக்கம், கீழே அவருடைய ரெலிபோன் நம்பர். உன்னை வாழ்த்தினாரோ வீடு விற்றாரோ தெரியாது. நான் அவரை ஏசினேன். அவர், அக்கா உங்களுக்குப் பெருமைப்படவும் தெரியேல்லை என்று என்னையே ஏசினார்.

அப்பாவை நான் முழுக்கக் குற்றம் சொல்லமாட்டேன். பிறம்ரனில் அந்தக் குளிர் வெயர்ஹவுசில் பெட்டி தூக்கின காலம் முழுக்க அவரை ஒருத்தரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது மருந்துக்கடையில் வேலைசெய்கிற தமிழ்ப் பெடியன், டொக்டரின்ர அப்பா வாங்கோ என்கிறான். மனுசன் முதுகை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறார். அந்தப் பக்கத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார். உண்மையைச் சொல்ல நான் வாயெடுக்கும்போதெல்லாம் அந்த முதுகுதான் என் கண்ணுக்குள் வருகிறது. நீ அங்கே மாட்டுப்பட்டிருக்கிறாய் என்றால் நாங்கள் இங்கே மாட்டுப்பட்டிருக்கிறோம்.

பிறகு மார்கழியில் ஊர்ச் சங்கத்து ஒன்றுகூடல் வந்தது. உன்னைக் கௌரவிக்கப் போகிறார்களாம், நீ இல்லாதபடியால் உனக்குப் போர்த்துகிற பொன்னாடையை அப்பா வாங்கிக்கொள்ள வேண்டுமாம். அப்பா தன் மண்ணிறக் கோட்டுக்கு மேலே அந்தச் சிவப்புப் பொன்னாடையோடு மேடையில் நின்றார். தாயும் இரண்டு வார்த்தை கதைக்க வேண்டும் என்று மைக்கைத் தந்தார்கள். இனி ஏலாது என்று நினைத்தேன். மைக்கைப் பிடித்துச் சொன்னேன், என்ர மகள் டொக்டர் இல்லை, அவள் நேர்ஸ், ஒப்பரேஷனுக்கு நித்திரையாக்கிற நேர்ஸா வாறதுக்குப் படிக்கிறாள், இன்னும் படிச்சு முடிக்கேல்லை, சரியாக் கஷ்டப்படுறாள், முடிப்பாளோ எண்டும் தெரியாது, நீங்கள் அவளைக் கொஞ்சம் விட்டா நல்லம் என்று. அப்படியே சொன்னேன் பிள்ளை, ஒரு சொல்லும் கூட்டவில்லை. நான் நினைத்தேன், சரி, உடைந்துவிட்டது, இனி நீ சுகமாக மூச்சு விடலாம் என்று. அறிவிப்பாளன் மைக்கை என் கையிலிருந்து வாங்கி என்ன சொன்னான் தெரியுமோ? பாத்தீங்களோ, ஒரு டொக்டரைப் பெத்த தாய்க்கு இருக்கிற தன்னடக்கத்தை, பலமாக் கை தட்டுங்கோ என்றான். சனம் எழும்பி நின்று தட்டியது. நான் இல்லை இல்லை என்று கையை ஆட்ட அதற்கும் தட்டினார்கள். பிறகு கொத்துரொட்டி போட்டார்கள், எல்லோரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

வரும்போது அண்ணன் ஓடின காரில் அப்பா பொன்னாடையைக் கழற்றவில்லை. நான் சொன்னது அவருக்கு விளங்காமல் இல்லை. அவள் உண்மையாக் கஷ்டப்படுறாளோ என்று கேட்டார். ஓம் என்றேன். அடுத்தநாள் பழையபடி அந்தப் பேப்பரைப் பையில் வைத்துக்கொண்டுதான் வெளிக்கிட்டார்.

இதோடு முடிந்திருந்தாலும் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். ரெக்ஸ்டேலில் இருக்கிற நாகமணி மாமி, அப்பாவின் தமக்கை, பிரியந்தனின் தாய், அவவின் முழங்கால் உனக்குத் தெரியும்தானே. ஒப்பரேஷனுக்குப் பதிந்துவிட்டு எவ்வளவு காலம் பார்த்துக்கொண்டிருந்தா. கடைசியில் ஆஸ்பத்திரியால் திகதி கொடுத்திருக்கிறார்கள், மனுசி வேண்டாம் என்று சொல்லிவிட்டா. ஏன் என்று கேட்டால், எங்கட சாம்பவி வந்துதான் என்னை நித்திரையாக்க வேணும், அதுவரைக்கும் காலை இழுத்துக்கொண்டு திரியிறன் என்றாவாம். அப்பாவுக்குப் போன் பண்ணிச் சொல்ல, அப்பா பெரிய மனுசன் மாதிரி, அதுக்கென்னக்கா, பிள்ளை வந்திடுவாள் என்கிறார். எனக்கு வந்த கோபத்துக்குக் கையிலிருந்த அகப்பையைச் சிங்குக்குள் எறிந்தேன். ஒரு பொய்க்காக ஒரு பொம்பிளை நடக்க ஏலாமல் கிடப்பதா?

அடுத்த செவ்வாய்க்கிழமை தனுசியா வீட்டிலிருந்து வேலை செய்கிற நாள். சின்னவளை அவளிடம் கொடுத்துவிட்டு, ஒரு அலுவலாப் போட்டு வாறன் என்றேன். அப்பா எங்கே என்று கேட்டார், உங்கட அக்காவிட்ட என்றேன். எப்பிடிப் போவாய் என்று கேட்டார். எல்லாரும் எப்பிடிப் போகினமோ அப்பிடி என்றேன். சொன்னேனே ஒழிய எனக்கே தெரியாது. பஸ்ஸுக்கு நின்று விறைத்து, விட்பி ரெயின் ஸ்ரேசனுக்குப் போய், அங்கே ரிக்கற் எடுக்கத் தெரியாமல் நிற்க எமில்டா என்று ஒரு பிலிப்பைன்ஸ் பொம்பிளை காட்டித் தந்தா, அவவும் பேரப்பிள்ளை பார்க்கத்தான் இங்கே வந்து இருக்கிறாவாம், ரொறன்ரோ யூனியன் ஸ்ரேசன் வரைக்கும் பக்கத்தில் இருந்து வந்தா. அங்கே சப்வே மாறி, பிழையான பக்கம் ஏறி, இறங்கி, திரும்ப ஏறி, பிறகு ஒரு பஸ் எடுத்து ரெக்ஸ்டேலில் இறங்கும்போது எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கனடாவுக்கு வந்து இவ்வளவு காலத்தில் இவ்வளவு தூரம் தனியாகப் போனது அதுதான் முதல் தரம்.

நாகமணி மாமி காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தா. நான் கோட்டும் கழற்றாமல் எல்லாத்தையும் சொன்னேன். நீ டொக்டர் இல்லை, இங்கே வந்தாலும் உன்னை ஒருத்தரும் மயக்கமருந்து கொடுக்க விடமாட்டார்கள், உன்னைப் பார்த்துக்கொண்டிருந்து காலைக் கெடுக்க வேண்டாம் என்று. மாமி என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினா. குணவதி, உது எனக்குத் தெரியாதோ, பேப்பர் வந்த அண்டைக்கே என்ர பேத்தி சொன்னவள் என்றா. பிறகு ஏன் மச்சாள் என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. எனக்குப் பயமடி என்றா. நித்திரையாக்கினா எழும்பமாட்டன் எண்டு பயம், பயம் எண்டு சொன்னா பிள்ளையள் ஏசுங்கள், மருமகள் சாம்பவி வரட்டும் எண்டு சொன்னா ஒருத்தரும் ஏசாதுகள் என்றா. நீ ஒருமுறை எனக்கு விளங்கப்படுத்தினதைத்தான் அவவுக்குச் சொன்னேன். நித்திரையாக்கிற ஆள் மருந்தைக் கொடுத்துவிட்டுப் போகிறதில்லை, எழும்பும் மட்டும் தலைமாட்டை விட்டு அசையாது, ஒவ்வொரு மூச்சையும் பார்த்துக்கொண்டு நிற்கும் என்று. அப்பிடியோ, உதை எனக்கு ஆரும் சொல்லேல்லையே என்றா. கொஞ்சம் பொறுத்து, அவளும் பயப்பிடுறாளோ என்று கேட்டா. ஓம் மச்சாள், கை நடுங்குதாம் என்றேன். மாமி முழங்காலைத் தடவிக்கொண்டே, அப்ப நல்லம், பயமில்லாத ஒருத்தியிட்ட நான் படுக்கமாட்டன் என்றா. புதுத் திகதி கேட்கப் போகிறாவாம். கேட்பாவோ தெரியாது, அவவின் வாயை நம்ப ஏலாது.

திரும்பி வரும்போது ரெயினில் சன்னல் பக்கம் இருந்து யோசித்தேன். அப்பா தன் முதுகை நிமிர்த்த உன்னைப் பிடித்துக்கொண்டார், செல்வரட்ணம் வீடு விற்கப் பிடித்துக்கொண்டார், நாகமணி மாமி பயத்தை மறைக்கப் பிடித்துக்கொண்டா. நான் மட்டும் நல்லவள் என்று நினைத்துக்கொண்டுதான் ரெயின் ஏறினேன். ஆனால் சாம்பவி, நீ போன நாளிலிருந்து இந்த விட்பி வீட்டில் எனக்கு மூச்சு முட்டும்போதெல்லாம் நான் எனக்கே சொன்ன ஆறுதல் என்ன தெரியுமோ? சாம்பவி திரும்பி வருவாள், ஸ்காபரோவில் ஒரு அப்பார்ட்மென்ற் எடுப்பாள், நான் போய் அவளோடு இருந்துவிடுவேன் என்று. அன்றைக்கு நீ வரட்டோ என்று கேட்டபோது என் வாய்க்கு முதலில் வந்த சொல் வா என்பதுதான். உனக்காக அல்ல, எனக்காக. அதனால்தான் விக்கித்து நின்றேன். அப்பா படியிறங்கி வந்ததெல்லாம் எனக்குக் கிடைத்த சாட்டு.

ஆகையால் வா என்றும் இரு என்றும் நான் சொல்லப் போவதில்லை. நீ இருப்பதென்றால் அந்தப் படிப்பு உனக்குப் பிடித்ததற்காக இரு, எங்கள் பேப்பருக்காக இராதே. அதில் இப்போது வேறு ஆருடைய பிள்ளையையோ போட்டிருக்கிறார்கள், வீட்டில் கிடந்த மற்றப் பிரதியில் உன் பக்கத்தை விரித்துத்தான் தனுசியா மீன் வெட்டினாள். வருவதென்றால் உனக்கு அங்கே முடியாது என்பதற்காக வா, எனக்குத் துணைக்காக வராதே. அப்பாவின் முதுகு கொஞ்சம் வளையும், வளையட்டும், நான் தைலம் பூசிவிடுவேன். என்னை இங்கேயிருந்து வெளியே எடுக்க இனி ஒருத்தரும் வரத் தேவையில்லை, எனக்கு ரிக்கற் எடுக்கத் தெரியும். நீ வந்தால் யூனியனில் வந்து நிற்பேன், இருந்து படித்தால் உன்னைப் பார்க்க ஒகையோ பஸ் எங்கே நிற்கிறது என்றும் கேட்டு வைத்திருக்கிறேன். கடவுச்சீட்டும் தேடி எடுத்துவிட்டேன்.

தூள் போத்தல் லொறியில் உடையாமல் இருக்க ஒரு சிவப்புத் துணியால் சுற்றியிருக்கிறேன். அது உனக்குப் போர்த்தின பொன்னாடைதான். அப்பா எங்கே என்று கேட்டால் கழுவப் போட்டிருக்கிறேன் என்று சொல்வேன். தூள் பட்டிருந்தால் எறிந்துவிடு. விடிய வாகனத்துக்குள் இருந்து அழுவதென்றால் அழு, ஆனால் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அழு. வெறும் வயிற்றோடு போனால் ஆருக்கும்தான் கை நடுங்கும். தலைக்கு எண்ணெய் வை. மரியோவிடம் பயத்தை மறைக்காதே, அந்த மனுசன் நல்லவர் போலிருக்கிறது. முருகன் உன் கையோடு இருப்பான், எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருப்பாய் பிள்ளை.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை நீ எடுக்கும்போது அப்பா கட்டாயம் ஸ்பீக்கரில் போடுவார், எல்லோரும் சுற்றி நிற்பார்கள், நீ ஒன்றும் விளக்கத் தேவையில்லை. தூள் போதும் அம்மா என்று சொன்னால் நீ வருகிறாய் என்று எடுப்பேன். இன்னும் அனுப்புங்கோ என்று சொன்னால் இருந்து படிக்கப் போகிறாய் என்று எடுப்பேன். எதைச் சொன்னாலும் நான் ஒரே குரலில்தான் ஓம் பிள்ளை என்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
குணவதி